குழந்தையின் படம் சரியாக விழவில்லையா? கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

குழந்தையின் படம் நன்றாக வராதபோது முதல் பழி குழந்தை மேல்தான் விழுகிறது. “ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்கிறான்” என்போம். அடுத்த பழி போன் மேல். இரண்டுமே பெரும்பாலும் நியாயமில்லை. ஓடுவது குழந்தையின் வேலை. கடந்த ஏழெட்டு ஆண்டுகளில் வந்த எந்தச் சாதாரண போனும் வீட்டுப் படங்களுக்குப் போதும். மாற வேண்டியது வெளிச்சம், அல்லது நாம் நிற்கிற இடம். கீழே சொல்லியிருப்பதில் முக்கால்வாசி இந்த இரண்டுக்குள்தான் அடங்கும்.

உங்கள் படத்தில் எந்தக் கோளாறு தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் லென்ஸைத் துடைத்துவிடுங்கள். குழந்தை இருக்கிற வீட்டில் போன் எல்லாக் கையிலும் புழங்கும். தேங்காய் எண்ணெய், பால், பிஸ்கட் பிசுக்கு எல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். படம் முழுக்க மூட்டம் போட்டது போல இருந்தாலோ, விளக்கைச் சுற்றி ஒளி இழுத்துக்கொண்டு நின்றாலோ காரணம் அதுதான். பழைய பருத்தி வேட்டித் துணி ஒரு துண்டு போதும்.

சுவர் தெளிவாக இருக்கிறது, குழந்தை மட்டும் கலங்கல்

முதலில் எது கலங்கியிருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். படம் முழுவதும் ஒரே திசையில் இழுத்திருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. பின்னால் இருக்கும் பீரோ தெளிவாகவும் குழந்தையின் முகமும் கையும் இழுத்த மாதிரியும் இருந்தால் குழந்தை அசைந்திருக்கிறது. குழந்தை அசையாமல் உட்கார்ந்திருந்தும் முகம் மங்கலாக இருந்தால் போகஸ் வேறெங்கோ போயிருக்கிறது. அதற்கு முகத்தைத் தொட்டுவிட்டு எடுத்தால் போதும்.

வீட்டுப் படங்களில் அதிகம் நடப்பது இரண்டாவதுதான். கேலரியில் அந்தப் படத்தின் விவரங்களைத் திறந்தால், பெரும்பாலான போன்களில் ஷட்டர் வேகம், அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விட்ட நேரம், போட்டிருக்கும். டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தது என்றால் 1/30 வினாடி, 1/20 வினாடி என்று இருக்கும். அந்த நேரத்துக்குள் ஓடுகிற குழந்தை சில அங்குலம் நகர்ந்துவிடும். உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்கு 1/125, நடக்கிற, ஆடுகிற குழந்தைக்கு 1/250, ஓடிக் குதிப்பதற்கு 1/500 என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

அந்த வேகம் கிடைக்க வெளிச்சம் வேண்டும். ஜன்னலைத் திறந்து, திரையை ஒதுக்கி, விளையாட்டுச் சாமான்களை ஜன்னல் பக்கம் நகர்த்தி வையுங்கள். சாமான் போகிற இடத்துக்குக் குழந்தை தானாக வரும். கண்ணுக்கு அறையும் ஜன்னலோரமும் ஒரே வெளிச்சமாகத் தெரியும், ஏனென்றால் கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கேமராவுக்கு இரண்டும் எட்டு மடங்கு, பத்து மடங்கு வித்தியாசம்.

அடுத்து, இரவு மோடை அணையுங்கள். அது பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிற ஏற்பாடு. கோபுரத்துக்கு நல்லது, குழந்தைக்கு ஆகாது. இருட்டானதும் சில போன்கள் தாமாகவே அதற்குப் போய்விடும், திரையில் நிலா போன்ற குறி தெரிந்தால் அதைத் தொட்டு நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு போனில் ப்ரோ மோட் (அளவுகளை நாமே வைக்கிற வசதி) இருந்தால் ஷட்டரை 1/250 என்று நிறுத்திவிட்டு, கிடைக்கிற வெளிச்சத்தைக் கூட்டிக்காட்டும் ஐஎஸ்ஓ அளவை 800, 1600 என்று ஏறவிடலாம். ஐபோனில் கூடவே வரும் கேமராவில் இந்த வசதி இல்லை, தனி ஆப் போட வேண்டும். படத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். பரவாயில்லை. புள்ளி தெரிகிற படத்தை யாரும் தூக்கிப் போடுவதில்லை, கலங்கிய முகத்தைத்தான் தூக்கிப் போடுகிறோம்.

வெளிச்சமும் இல்லை, ப்ரோ மோடும் இல்லை என்றால், அசைவுக்குள் இருக்கும் நிதானத்தைப் பிடியுங்கள். ஊஞ்சல் உச்சிக்குப் போனதும் திரும்புவதற்கு முன் ஒரு கணம் நிற்கும். குதிக்கிற குழந்தையும் மேலே போனதும் அப்படித்தான். அந்தக் கணத்தை ஒரு தடவையில் பிடிப்பது கஷ்டம், அதனால் தொடர்ச்சியாக எடுங்கள். ஐபோன் 11 முதல் ஷட்டர் பட்டனை இடப்பக்கம் இழுத்துப் பிடித்தால் படங்கள் வரிசையாக விழும். ஆண்ட்ராய்டில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலவற்றில் பட்டனைக் கீழே இழுக்க வேண்டும், சிலவற்றில் அழுத்திப் பிடிக்க வேண்டும். எடுத்ததில் ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அன்றைக்கே அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இடம் போதாது.

படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு

வேகத்தைக் கூட்டியதும் இது வரலாம், பயப்பட வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் சோக் வைத்த டியூப் லைட்டும் மலிவான எல்இடி பல்புகளும் வினாடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. 1/250 என்று வைத்தால் கேமரா அந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். அந்த அறையில் 1/100க்கு இறங்கி வாருங்கள், பட்டை போய்விடும். பகல் வெளிச்சத்தில் இந்தத் தொல்லையே கிடையாது.

முகம் கறுத்து விழுகிறது, இல்லாவிட்டால் வெளுத்து விழுகிறது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இந்தக் கோளாறுக்கும் குழந்தைதான் பேச்சு வாங்குகிறது. “போட்டோல ரொம்பக் கறுப்பா விழுந்துட்டா” என்று அத்தையோ பெரியம்மாவோ சொல்ல, பக்கத்தில் நிற்கிற ஐந்து வயதுப் பெண் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அது கேமரா போட்ட கணக்கின் பிழை. அவள் நிறத்தில் ஒரு குறையும் இல்லை.

கேமரா தன் முன்னால் இருப்பதையெல்லாம் கூட்டிப் பார்த்து, சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் அளவில் வருமாறு வெளிச்சத்தை வைக்கப் பார்க்கும். குழந்தைக்குப் பின்னால் வெள்ளைச் சுவரோ வானமோ இருந்தால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று எல்லாவற்றையும் குறைத்துவிடும், முகம் இருண்டு போகும். பின்னால் இருட்டான அறையோ கரும்பச்சைச் செடியோ இருந்தால் எல்லாவற்றையும் கூட்டிவிடும், மாநிறக் குழந்தை வெளிறிச் சாயம் போனது போல விழும். முகத்தைத் தொடுங்கள், கேமரா முகத்துக்கு அளவெடுக்கும். தொட்டதும் பக்கத்தில் சூரியக் குறி வரும். அதை மேலே இழுத்தால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும். குழந்தையை நேரில் பார்க்கிற நிறம் திரையில் வரும்வரை இழுத்துப் பாருங்கள். தொட்ட இடத்தை அழுத்திப் பிடித்தால் அளவு அப்படியே பூட்டிக்கொள்ளும், ஒவ்வொரு படத்துக்கும் திரும்பத் தொட வேண்டியதில்லை.

ஜன்னல் பின்னால் இருக்கும்படி குழந்தையை நிறுத்தி எடுத்தால் முகம் இருண்டு போகத்தான் செய்யும். இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும், குழந்தை ஜன்னலை அரைவாசி பார்த்தபடி இருக்கட்டும். கறுத்த, மாநிறச் சருமத்துக்கு இந்தப் பக்கவாட்டு வெளிச்சத்தைப் போல அழகு வேறில்லை. கன்னத்து எலும்பின் மேலும் மூக்குத் தண்டின் மேலும் மெல்லிய பளபளப்பு ஓடும், கண்ணில் ஜன்னல் ஒரு சின்னக் கட்டமாகத் தெரியும். மறுபக்கக் கன்னம் ரொம்ப இருட்டாக இருந்தால் ஒரு வெள்ளை வேட்டியை நாற்காலி மேல் விரித்து அந்தப் பக்கம் வைத்துவிடுங்கள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வரும்.

அப்புறம் அந்த அழகூட்டும் வசதி. ‘பியூட்டி’ என்ற பெயரில் பல போன்களில் முன் கேமராவில் கேட்காமலே அது போட்டிருக்கும். தோலை வழவழப்பாக்கும், நிறத்தை வெளுக்கும், சிலவற்றில் கண்ணைப் பெரிதாக்கும். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வையுங்கள். மூக்கின் மேல் இருக்கும் அம்மைத் தழும்பு, அப்பாவிடமிருந்து வந்த நிறம், உதட்டோரப் பால் மீசை எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் குழந்தை. இதற்குப் பின்னால் நீண்ட வரலாறும் உண்டு. 1950கள் தொடங்கிக் கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்கப் போட்டோ லேப்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் பல பத்தாண்டுகளுக்கு வெள்ளைக்காரப் பெண்களே இருந்தார்கள். அந்தத் தோலுக்கு ஒத்துவந்தால் நிறம் சரி என்று கணக்கு. 2021இல் தன் பிக்சல் 6 போன் வந்தபோதுதான் கூகுள் கறுத்த சருமத்தை உள்ளபடி காட்ட ‘ரியல் டோன்’ என்று தனியாக வேலை செய்தது. இத்தனை காலம் படம் தவறாக விழுந்ததற்கு நாம் காரணமில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

முகம் பச்சையாகவோ ரோஜா நிறத்திலோ விழுந்தால் சுவரைப் பாருங்கள். பச்சை டிஸ்டெம்பர் அடித்த சின்ன அறையில் சுவரில் பட்ட வெளிச்சம்தான் முகத்தில் விழும். வேறு அறைக்குப் போவதே வழி. ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் நீலம் என்றால் ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் கலந்திருக்கின்றன. பல்பை அணைத்துவிடுங்கள்.

கண்ணில் குழி விழுந்த நிழல், சுருங்கிய முகம்

உச்சி வெயில். காலை எட்டரைக்கு முன், மாலை நாலரைக்குப் பின் என்று மாற்றிக்கொள்ளுங்கள். கோயிலில் மொட்டை, காதுகுத்து என்று பன்னிரண்டு மணிக்குத்தான் எடுக்க வேண்டும் என்றால் மண்டபத்தின் விளிம்பு, மரநிழல், திண்ணை ஆகியவற்றைத் தேடுங்கள். நிழலுக்குள் ஓரிரண்டு அடி தள்ளிக் குழந்தை வெளியே பார்த்து நின்றால், முற்றத்து வெயில் தரையில் பட்டு முகத்தில் மென்மையாக விழும். இலை இடுக்கு வழியாக விழும் வெயில் புள்ளிகளை மட்டும் தவிர்க்கவும்.

மூக்கு பெரிதாக, கால் குட்டையாக

மூக்கு பெரிதாகத் தெரிந்தால் நீங்கள் ரொம்பக் கிட்டே இருக்கிறீர்கள். போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம். ஒன்றரை அடியில் நின்று எடுத்தால் கிட்டே இருக்கும் மூக்கு பெரிதாகவும் தள்ளி இருக்கும் காது சிறிதாகவும் விழும். ஐந்தாறு அடி பின்னால் போய் 2 மடங்கு ஜூம் வையுங்கள். முகம் கொஞ்சம் சிறிதாக வரும், ஆனால் வடிவம் கெடாது. குழந்தைக்கும் முகத்துக்கு நேரே போன் வந்து நிற்கிற தொந்தரவு குறையும்.

கால் குட்டையாகத் தெரிவது நின்றபடி எடுப்பதால். தரையில் உட்காருங்கள், தவழும் குழந்தை என்றால் படுத்துவிடுங்கள். போன் குழந்தையின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். இந்த ஒரு மாற்றம் கொடுக்கும் பலன் புதுப் போன் வாங்கினாலும் கிடைக்காது. குனிய முடியாத பெரியவர்கள் போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் கீழே இருக்குமாறு முழங்கால் உயரத்துக்கு இறக்கி எடுக்கலாம். படம் கேலரியில் நேராகவே வரும்.

போனைக் கண்டதும் விறைத்துப்போகிறது, இல்லை அழுகிறது

“சிரி… சிரி… இங்க பாரு” என்று நாலு பேர் நாலு பக்கமிருந்து கத்தினால் பெரியவர்களுக்கே முகம் இறுகும். குழந்தை பல்லை மட்டும் காட்டும். கண் நாலு பேரையும் மாறி மாறிப் பார்க்கும். சிரிக்கச் சொல்வதை ஒரு வாரம் அடியோடு விட்டுப் பாருங்கள்.

அதற்குப் பதில் குழந்தைக்கு வேலை கொடுங்கள். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரிக்கும் நாலு வயதுக் குழந்தையைக் கவனியுங்கள். தோலைப் பிரிக்கக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தும்போது நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். ஒரு மணி தெறித்து உருண்டால் புருவம் ஏறும், பிடித்துவிட்டால் முதலில் பாட்டியைத்தான் நிமிர்ந்து பார்க்கும். நீங்கள் எதிரே கொஞ்சம் பக்கவாட்டில், போனைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். உரித்து முடிப்பதற்குள் நாலைந்து நல்ல முகங்கள் வந்துவிடும். கோலப்பொடி கிள்ளுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, தம்பிக்குச் சட்டை மாட்டிவிடுவது, எதுவானாலும் சரி.

கேமராவைப் பார்த்த முகம் வேண்டுமென்றால் கேள்வி கேளுங்கள். “இந்தக் கண்ணாடிக்குள்ள ஒரு குட்டிப் பையன் தெரியுறானா பாரு” என்றால் நேராக லென்ஸைப் பார்க்கும். மூன்று நாலு வயதுக்கு மேல், “இப்போ மட்டும் சிரிக்கவே கூடாது, பாக்கலாம்” என்று சொல்லுங்கள். சிரிப்பை அடக்க முயல்கிற அந்த முகம் எந்தச் சிரிப்பையும்விட நன்றாக இருக்கும். கைக்குழந்தைக்குச் சத்தம் போதும், லென்ஸுக்குப் பக்கத்தில் விரலால் சொடக்குப் போடுங்கள்.

வேண்டாம் என்று குழந்தை சொன்னால் போனைக் கீழே வையுங்கள். அந்த வார்த்தைக்கு மரியாதை கிடைக்கிற குழந்தைதான் அடுத்த தடவை தைரியமாக முன்னால் வரும். எடுத்ததை அதற்குக் காட்டுங்கள், சில சமயம் போனை அதன் கையில் கொடுத்து உங்களை எடுக்கச் சொல்லுங்கள்.

மேடையில் முகம் வெள்ளைத் திட்டாக எரிந்துபோகிறது

ஆண்டு விழாவில் பின்னால் கறுப்புத் திரை, முகத்தில் பளீர் விளக்கு. கேமரா கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. உங்கள் பிள்ளையைத் தொட்டு, சூரியக் குறியை நன்றாகக் கீழே இழுத்துப் பூட்டுங்கள். பிளாஷை அணைத்துவிடுங்கள். அதன் வெளிச்சம் சில அடிக்கு மேல் போகாது, முன் வரிசைத் தலைகள் மட்டும் வெளுத்து விழும். இருந்த இடத்திலிருந்தே பத்து மடங்கு ஜூம் செய்தால் சாயம் கரைந்த மாதிரிதான் வரும். ஒத்திகை நாளில் கிட்டே போய் எடுக்க அனுமதி கிடைக்குமா என்று ஆசிரியரிடம் முன்பே கேட்டுப் பாருங்கள்.

கண் சிவப்பாக விழுகிறது. ஒரு கண் மட்டும் வெள்ளையாக விழுகிறது

இரண்டும் வேறு வேறு, கவனமாகப் படியுங்கள்.

இருட்டில் கண்மணி விரிந்திருக்கும். பிளாஷ் வெளிச்சம் அதற்குள் போய், ரத்த நாளம் நிறைந்த விழித்திரைப் பக்கம் பட்டுத் திரும்புவதால் சிவப்பு தெரிகிறது. இரண்டு கண்ணிலும் சிவப்பு என்றால் கவலையில்லை. பிளாஷ் இல்லாமல் எடுத்தால் போய்விடும்.

ஒரு கண் சிவப்பாக இருக்க, மற்றக் கண்ணின் மணி வெள்ளையாகவோ மஞ்சள் கலந்த வெள்ளையாகவோ பளிச்சிட்டால், அதுவும் வேறு வேறு படங்களில் திரும்பத் திரும்ப வந்தால், கேமராவை விடுங்கள். கண் மருத்துவரிடம் போங்கள். குழந்தை பக்கவாட்டில் பார்க்கும்போது ஒளி விழும் கோணத்தால் ஒன்றுமில்லாமலும் இப்படி வரலாம். ஆனால் கண்புரை, மாறுகண், பார்வைக் குறைபாடு, எல்லாவற்றையும்விட ‘ரெட்டினோபிளாஸ்டோமா’ என்ற விழித்திரைப் புற்றுநோய் ஆகியவற்றின் முதல் அடையாளமாகவும் இது இருக்கலாம். அந்த நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருகிறது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது, குழந்தைக்குச் சொல்லவும் தெரியாது, பல குடும்பங்களில் அதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு பிளாஷ் படம். ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றிவிடலாம், பல சமயம் பார்வையையும். “ஒரு மாசம் போகட்டும்” என்று தள்ளிப்போடாதீர்கள். கண்மணியை விரித்துப் பார்க்கும் பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள், அந்தப் படங்களையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளில் இதற்கான சிகிச்சை உண்டு. சிவப்புக் கண்ணைத் தானாகத் திருத்தும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் அதை அணைத்தே வையுங்கள், இந்த அடையாளத்தை அது மறைத்துவிடக்கூடும்.

தலைக்குப் பின்னால் துணிக்கொடி, காலண்டர், பிளாஸ்டிக் நாற்காலி

இரண்டு அடி இடமோ வலமோ நகருங்கள். குழந்தையைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் நாலைந்து அடி முன்னால் கூட்டி வாருங்கள்.

ஆல்பம் முழுக்கக் குழந்தை இருக்கிறது, அம்மா இல்லை

எடுப்பவர் படத்தில் விழுவதில்லை, வீட்டில் எடுப்பவர் பெரும்பாலும் ஒருவரே. ஜன்னலோரத்தில் போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்து, 10 வினாடி டைமர் போட்டுவிட்டுக் குழந்தையோடு விளையாடுங்கள். ‘தலை சீவலை, நைட்டில இருக்கேன்’ என்று ஒதுங்க வேண்டாம். பிள்ளைகள் பெரியவர்களானதும் தேடப்போவது அந்த முகத்தைத்தான்.

போனில் பளிச்சென்று இருந்த படம் பிரிண்ட் போட்டால் மங்கல்

அது வாட்ஸ்அப்பில் வந்த பிரதியாக இருக்கும். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். 2023 முதல் இருக்கும் ஹெச்டி வசதியில் அனுப்பினால் கொஞ்சம் பரவாயில்லை, அசல் அப்படியே போக வேண்டுமென்றால் டாக்குமென்ட் என்று இணைத்து அனுப்புங்கள். அப்படி அனுப்பும்போது எந்த இடத்தில் எடுத்தது என்ற விவரமும் படத்தோடு போகும், அதனால் நம்பிக்கையானவர்களுக்கு மட்டும். பள்ளிப் பெயர் தெரிகிற சீருடைப் படம், குளிக்கிற படம் இரண்டையும் எந்தக் குழுவிலும் போடாதீர்கள்.

4×6 அங்குலப் பிரிண்டுக்கு 1800×1200 பிக்சல் இருந்தால் போதும். 12 மெகாபிக்சல் போனில் எடுத்த அசல் படத்தை 10×13 அங்குலம் வரை தெளிவாகப் போடலாம். ரொம்ப ஜூம் செய்ததையும் பாதிக்கு மேல் வெட்டியதையும் பெரிதாகப் போடச் சொல்ல வேண்டாம். கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு நின்றுவிட்டது, இப்போது மெயிலையும் சேர்த்து மொத்தம் 15 ஜிபிதான். அது நிறைந்துவிட்டால் புதுப் படங்கள் மேலே ஏறாமலே இருக்கும். இன்றைக்கே ஒரு தடவை திறந்து பாருங்கள், கூடவே ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் பிரதி எடுத்து வையுங்கள்.